ஒருவர் அமரும் இடம்

காபியை எங்கே நின்று குடிப்பீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது சார். தினமும் செய்கிற காரியம்தான், இருந்தாலும் யோசிப்பார்கள். கணவர் ஏதாவது ஒன்று சொல்வார். மனைவி சிரித்துக்கொண்டே, "எங்க? கேட்டுமேல சாஞ்சிக்கிட்டு ரோட்ட பாத்துக்கிட்டேதான் குடிப்பாரு" என்பார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் நான் வீட்டை வரைய ஆரம்பிப்பேன்.

உங்கள் காபி ஆறிவிட்டது. நீங்கள் வலது கையால் எழுதுகிறீர்கள், டம்ளரையும் வலது பக்கமே வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் நகர்த்தி வைத்துப் பாருங்கள், நாளையிலிருந்து சூடாகக் குடிப்பீர்கள்.

வெளியே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சடையப்பன் மேஸ்திரியைப் பற்றிப் பேசத்தான் சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் கடலூர் வந்தேன். கொண்டூரில் ஆரோக்கியராஜ் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து இறந்தான். ஒரு படி மட்டும் உயரம் மாறியிருந்தது, அது மேஸ்திரியின் கவனக்குறைவு என்று அவனுடைய அண்ணன் புகார் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டை வரைந்தவன் நான். என் பெயர் தில்லைநாதன். அந்தப் படி ஏன் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் எப்படி வீடு கட்டுகிறேன் என்பதை முதலில் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் எழுந்த ஒரு குடியிருப்பில் நான் வேலை பார்த்தேன். அப்போது வேறொருவரிடம் சம்பளத்துக்கு இருந்தேன். எல்லா வீடும் ஒரே அச்சு. குறையாகச் சொல்லவில்லை, அந்த அவசரத்துக்கு அதுதான் முடியும். ஜனங்கள் குடிவந்த பிறகு ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் மீன் கழுவிய தண்ணீரைச் சட்டியோடு ஏந்திக்கொண்டு தன் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை. "பழைய ஊட்டுல காலு தானா போவும் சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில் சொந்தமாக அலுவலகம் போட்டேன். வீடு கேட்டு வருகிறவர்கள் அப்போது குடியிருக்கும் இடத்துக்கே போய்ச் சில நாட்கள் அவர்களோடு இருப்பேன். டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டேன். யார் கதவை அடித்துச் சாத்துகிறார்கள், யார் சாவியை எங்கே எறிகிறார்கள், சண்டை வந்தால் யார் எந்த மூலைக்குப் போகிறார்கள் என்று பார்ப்பேன். வீட்டை நாம் கண்ணால் பயன்படுத்துவது குறைவு. இருட்டில் சுவிட்சைத் தேடுவது கண் இல்லை, விரல். உடம்புக்குத் தெரிந்துவிட்டால் மூளைக்கு வேலை இல்லை. அதனால் உடம்பைத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தேன். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றை அவருக்கு மட்டும் என்று செய்துகொடுப்பேன். காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருக்கும் ஒருவருக்கு இடது காது கேட்காது. சாப்பாட்டு மேசையை அவருக்கு இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி போட்டேன். எல்லோரும் அவருடைய நல்ல காதின் பக்கம்தான் உட்கார முடியும். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து கத்திக்கத்தியே பேசிக்கொண்டிருந்தாராம்.

ஆரோக்கியராஜும் ஜெயராணியும் 2010-இல் என்னிடம் வந்தார்கள். அவனுக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். ஜெயராணி பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. இசைவாணி என்று ஒரே மகள், அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. இறந்தவனை அவன் இவன் என்கிறேனே என்று பார்க்காதீர்கள். இரண்டாம் முறை பார்க்கும்போதே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். லாரி டிரைவரும் அவனுக்கு மச்சான், பால்காரரும் மச்சான். அந்த உறவுமுறையில் பார்த்தால் ஜெயராணி எனக்குத் தங்கை ஆகிவிடுகிறார். அவன் அதை யோசித்துச் சொல்லவில்லை. அவன் எதையும் யோசித்துச் சொன்னதில்லை.

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். அவனுக்கு போன் வந்தால் உட்கார்ந்து பேசத் தெரியாது. நடப்பான். படி இருந்தால் ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். போன் வலது கையில் இருக்கும், இடது கை காற்றில் விலை பேசும். கைப்பிடி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மாடிப்படியில் ஏறி இறங்கியே ஒரு லோடு முந்திரியை விற்றதை என் கண்ணால் பார்த்தேன். ஜெயராணி அதற்கு நேர்மாறு. அவருக்கு இடது முட்டியில் வலி. சுவரில் உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைப்பார்.

வீட்டில் உங்களுக்கென்று ஓர் இடம் கொடுத்தால் அங்கே என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவன் முந்திக்கொண்டான்.

"அவளுக்கா? கிச்சன்தான் மச்சான். நல்லா பெருசா போட்டுடு, உள்ளாற பஸ் திரும்பணும்."

ஜெயராணி சிரித்தார். அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சொன்னா சிரிப்பீங்க சார். ஸ்கூல் உட்டு வந்ததும் கொஞ்ச நேரம் என்னை யாரும் கூப்புடக் கூடாது. ரோட்ட பாத்துக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கணும். நான் இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்" என்றேன்.

"இதெல்லாம் ஒரு வீட்டுக்கு வேணுமா சார்? இத்தினி வருஷத்துல என்னை யாரும் இதைக் கேட்டதில்ல. நானே கேட்டுக்கிட்டதில்ல."

அவர் அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். இதைத் தயவுசெய்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

கொண்டூர் மனையில் பெரிய பலாமரம் ஒன்று நின்றது. சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்றேன். பண்ருட்டிக்காரன் பலாவை வெட்டுவானா என்று கேட்டான். சரி என்று மரத்தை ஒட்டி வீட்டை வளைத்தேன். கீழே மட்டும்தான் வீடு, மேலே மொட்டைமாடி. மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில், எதிர்ச் சுவருக்குள் புகுந்தாற்போல் ஒரு ஜன்னல் இருக்கை செய்தேன். பலா இலைகளுக்கு நடுவே ரோடு தெரியும், ரோட்டிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். விளிம்புக்குக் கறுப்பு கிரானைட். பள்ளியிலிருந்து வந்ததும் ஜெயராணி எப்படிச் சாய்கிறார், பையை எந்தப் பக்கம் வைக்கிறார் என்று பார்த்துவைத்திருந்தேன். அந்த அகலம்தான் கொடுத்தேன்.

"இன்னும் அரையடி உட்டா ரெண்டு பேரு ஒக்காரலாமே சார்" என்றார் சடையப்பன்.

"ஒருத்தர் உட்காரத்தான் மேஸ்திரி" என்றேன்.

இசைவாணிக்குக் கீழ்ப்படிகளில் அவள் உயரத்துக்கு ஒரு தனிக் கைப்பிடி வைத்தேன். ஆரோக்கியராஜுக்கு என்ன செய்வதென்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் வேணாம் மச்சான். பலாமரம் இருக்குது, ராணி இருக்கறா, போதும்" என்றான்.

அடுத்த வருடம் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். வந்தவர்களிடமெல்லாம் அவன் என் தோளில் கைபோட்டு, "எல்லாம் மச்சான் மூளை" என்று அறிமுகம் செய்தான். பாராட்டுவதில் அவன் குறை வைத்ததில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும்.

குடிபோன வீட்டுக்குச் சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்ப்பேன். தையற்காரர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்வதைப் போலத்தான். பள்ளி விட்டு ஜெயராணி வந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் இருக்கையில் இருப்பார், கூப்பிடக் கூடாது, அவராக எழுந்து வரும்வரை கூடத்தில் காத்திருக்கலாம் என்று நினைத்திருந்தேன். சொல்லப்போனால் அந்தக் காத்திருப்பை ஒரு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. படியில் பேச்சுக்குரல் கேட்டது.

"தள்ளுங்க. கால மடக்குங்கன்னா."

"எங்கடி மடக்குறது? ஒங்கண்ணன் ஒரு ஆளுக்குத்தான் அளவெடுத்திருக்கான்."

"நீங்க இவ்ளோ எடம் அடைப்பீங்கன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? ஜாஸ்தி பேசுனா எறக்கி உட்டுடுவேன்."

நிமிர்ந்து பார்த்தேன். இருவரும் அந்த இருக்கையில் இருந்தார்கள். அவன் ஒருக்களித்து மடங்கியிருந்தான். ஜெயராணி பாதி அவன் மடியிலும் பாதி கிரானைட்டிலுமாக உட்கார்ந்து அவன் தோளில் தலையைச் சாய்த்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார்.

"வா மச்சான், நீயும் ஒக்காரு" என்று அவன் சிரித்தான்.

ஜெயராணி கூச்சத்தோடு சொன்னார். "நீங்க நெனைச்ச மாதிரி தனியாதான் சார் ஒக்காந்தேன். ஒரு வாரம் நல்லாதான் இருந்துச்சி. அப்புறம் என்னமோ போரடிச்சிது. நானேதான் இவரைக் கூப்ட்டேன்."

டீயும் முந்திரி பக்கோடாவும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை என் அளவு எங்கே தப்பியது என்றே யோசித்துக்கொண்டு போனேன். ஒருவர் அமரும் அகலத்தில் இரண்டு பேர் உட்கார முடியாது. உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அங்கே ஓர் ஆள் அதிகம்.

அந்த டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. அது உங்களுக்கும் தெரியும், இந்த ஸ்டேஷன் கூரையும் போயிருக்கும். பலாமரம் சாய்ந்து மாடிப்படிக்கு மேலிருந்த கூரையை நொறுக்கி, மேல்படிகளையும் உடைத்துவிட்டது. நான் போனபோது அவன் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் எல்லாம் படுத்துவிட்டன. வியாபாரம் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது.

"நீ அன்னிக்கே வெட்டச் சொன்ன மச்சான். நான்தான் கேக்கல" என்றான்.

ஜெயராணி அவன் தலையைத் தடவி, "போனா போவுது. நமக்கு ஒண்ணும் ஆவல இல்ல?" என்றார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரத்தை எடுக்கச் சொன்னது நான்.

படிகளைத் திரும்பக் கட்டுவதற்குச் சடையப்பனையே கூப்பிட்டேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிறவர். புயலுக்குப் பிறகு கொத்தனார்களுக்கு வந்த வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரே நாளில் மூன்று கூரைக்கு ஓடினார்.

மாடிப்படி எப்படி வேலை செய்கிறது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். புது இடத்தில் முதல் இரண்டு மூன்று படிகளுக்குத்தான் நாம் குனிந்து பார்க்கிறோம். அதற்குள் கால் உயரத்தைக் கற்றுக்கொண்டு கண்ணை அனுப்பிவிடும். பழகிய வீட்டில் அதுகூட வேண்டாம். அதனால்தான் எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். ஒரு படி மாறினால் ஏறும்போது பெரிய ஆபத்தில்லை. விரல் இடிக்கும், கையை ஊன்றிக்கொள்வோம். இறங்கும்போது கதை வேறு. தரை இங்கேதான் இருக்கிறது என்று நம்பிக் கால் உடம்பின் மொத்தப் பாரத்தையும் கொடுத்துவிடும். தரை ஒரு விரற்கடை தள்ளிக் கீழே இருந்தால் போதும். மெதுவாக, சுவரைப் பிடித்து, பார்த்து இறங்குகிறவருக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைக்கும் ஆகாது. மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் எட்டாது என்பதால் இசைவாணி இருக்கையைத் தாண்டி மேலே போகமாட்டாள். எல்லாவற்றையும் பார்த்தேன். வேகமாக, கைப்பிடியைத் தொடாமல், பேசிக்கொண்டே இறங்குகிற ஒருவருக்குத்தான் அந்தப் படி.

அவனுக்கு நான் எதுவும் செய்துகொடுக்காமல் இருந்தேன் என்று சொன்னேனே. இதைச் செய்துகொடுத்தேன்.

மேல்படிகளில் ஒன்றை உயர்த்தி ஊற்றச் சொன்னேன். மழைத்தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க என்று காரணம் சொன்னேன். கான்கிரீட் இறுகி, அடித்திருந்த பலகைச் சட்டம் பிரித்ததும் சடையப்பன் தலையைச் சொறிந்தார்.

"நீங்க சொன்ன மாதிரி ஊத்துனதுல இந்தப் படி ரொம்ப ஒசந்து நிக்குதே சார். ஒடைச்சிட்டு திரும்ப ஊத்தட்டுமா?"

"வேண்டாம் மேஸ்திரி. கல் பதிக்கும்போது சரிக்கட்டிக்கலாம்."

கல் பதிக்க வேறு ஆட்களை அழைத்துவந்தேன். சடையப்பன் அப்போது வடலூரில் ஒரு கூரையின் மேல் இருந்தார். கல் பதித்தவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருந்ததன் மேல் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரியில் கரண்ட் இருந்த நேரத்தைவிடப் போன நேரம்தான் அதிகம். கொண்டூரில் இருட்டுக் கட்டுகிற வேளையில் போகும். படியைத் திறந்துவிட்ட அன்று அந்த வேளையில்தான் அவனுக்கு போன் செய்தேன். மாடியில் புதுத் தளத்தில் எங்கேயாவது ஈரம் தெரிகிறதா, பார்த்துச் சொல் என்றேன். பேசிக்கொண்டே ஏறினான். மூச்சிலிருந்தே தெரிந்தது.

"ஏய், படி இடிக்குது மச்சான்" என்றான்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திப் பேசினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

"கல் புதுசு இல்லையா, பழகிடும்" என்றேன்.

ஈரம் இல்லை என்றான். சரி, படிச்சுவருக்கு ஜெயராணிக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். எனக்குத் தெரியும். அரைத்த சந்தனத்தின் நிறம், பளபளப்பு இல்லாமல். முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அவனுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

"யாருக்குத் தெரியும் மச்சான்? இரு, கீழ போயி அவளையே கேட்டுச் சொல்றேன். ராணி..."

சும்மா உருண்டிருந்தால் ஒரு கால் முறிந்திருக்கும். ஆனால் அந்தப் படிகள் நேராக இருக்கையில் போய் முடிகின்றன. கறுப்பு கிரானைட் விளிம்பு. அதைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிட்டிருக்கலாம், முதலில் கட்டும்போது தோன்றவில்லை. இரண்டாம் முறை தோன்றியது, விட்டுவிட்டேன்.

போன் துண்டிக்கப்படவில்லை. "என்னாங்க, என்னாங்க" என்று ஜெயராணி ஓடிவருவது கேட்டது. காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது, சுவரைப் பிடிக்காமல், படியைப் பார்க்காமல், அந்த முட்டியோடு தடதடவென்று ஏறினார். அவர் அப்படி ஓடுவார் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று அது.

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் விபத்து என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு அவனுடைய அண்ணன் பண்ருட்டியிலிருந்து ஒரு இன்ஜினியரை அழைத்துவந்து படிகளை அளந்தார். சடையப்பனைக் கேட்டிருக்கிறார்கள். நான் உயர்த்தச் சொன்னதும் உடைக்க வேண்டாம் என்றதும் அவருக்கு நினைவிருக்கிறது. ஆனால் திரும்ப வந்து சரிபார்த்திருக்க வேண்டியது தன் பொறுப்பு, வேலை நெருக்கடியில் மறந்துவிட்டேன் என்று அவரே நம்பிவிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "சாரு அளவு எப்பவும் தப்பாது" என்றாராம்.

மாதாகோயிலில் முப்பதாம் நாள் பூசை நடந்தது. நான் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெயராணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான். பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் கேட்டுக்கு அந்தப்பக்கம், உள்ளே வரத் துணியாமல், சடையப்பன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஜெயராணி கூட்டத்தை விட்டுவிட்டு நேராக அவரிடம் போனார்.

"உள்ள வாங்க மேஸ்திரி."

"எந்த மொகத்தோட வருவேன் டீச்சர்?"

"வாங்கன்னா. வேணும்னே யாராவது செய்வாங்களா? உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல."

சொல்லிக்கொண்டே மேஸ்திரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். சடையப்பனும் அழுதார். சாப்பாட்டுப் பந்தியில் அவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, அவர் சாப்பிடும்வரை எழவில்லை. நான் எதிர்வரிசையில் இருந்தேன். என் இலையில் என்ன இருந்தது என்று கேட்க யாரும் இல்லை. போகும்போது என்னிடம், "நீங்க எங்களுக்காக எவ்வளவோ பாத்துப் பாத்துக் கட்டுனீங்க சார். ஒரு படியில மேஸ்திரி அசந்துட்டாரு, பாவம்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. செய்யாத ஒன்றுக்கு ஒரு மனிதர் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகிறார். அது முறை இல்லை. அவருக்கு அந்தப் படியைப் பற்றி என்ன தெரியும்? எவ்வளவு உயர்த்த வேண்டும், எத்தனையாவது படியில் வைக்க வேண்டும், அவன் எந்தக் காலை முதலில் எடுத்துவைப்பான், எதுவும் தெரியாது. அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் தெரிந்துகொண்டவன் செய்த வேலை அது. அசதியில் நேர்ந்தது என்று ஜெயராணி காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பொறாமையால் செய்தேன் என்று எழுதாதீர்கள். பக்கத்தில் உங்கள் ரைட்டர் அந்த வார்த்தையைப் போட்டதை இப்போது பார்த்தேன். எனக்கு யார் மேலும் பொறாமை இல்லை. அந்தக் குடும்பத்துக்கு என்ன தேவை என்று அவர்களைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது வந்ததும் ஒரு நிரபராதி சிறைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான்.

ஆரோக்கியராஜைக் கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

மேஸ்திரியை விட்டுவிடச் சொல்லிக் கேட்க ஜெயராணி ஆட்டோவில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் சடையப்பனை இப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் சார். பின்பக்க வழியாக அனுப்பினால் நல்லது. ஜெயராணி உள்ளே வரும்போது அந்த பெஞ்சில் யாரும் இருக்கக் கூடாது. முதலில் அவர் என்னைத்தான் பார்க்க வேண்டும்.